ஐந்தாவது ஏன்

மில்லர்புரம், தூத்துக்குடி
7 ஆகஸ்ட் 2024

அன்புள்ள விஜிலா,

போனில் பேசினால் சண்டை வருகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

பனிமய மாதா திருவிழாவுக்காவது வருவாய் என்று வீடு முழுக்க ஒட்டடை அடித்து வைத்திருந்தேன். வரவில்லை. கடையில் காசிலிங்கம் அண்ணாச்சி, "என்ன சார், டீச்சரம்மா குலசைல தசராவுக்குக் காப்புக் கட்டிட்டாவளோ? ஊர்ப்பக்கமே காங்கலயே" என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கடைக்கு இனி போவதாக இல்லை.

கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வந்து போயிற்று. நான் எழுதிய அறிக்கைக்கு முதல்வர் ஜோன்ஸ் பொன்னாடை வாங்கிக்கொண்டார். நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை. இதையெல்லாம் நான் மறக்கிறவன் அல்ல.

உன் பழைய பள்ளி மட்டும் என்ன வாழ்ந்தது? பிள்ளைகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி நீதான் என்னைக் கூப்பிட்டாய். ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்கிற முறையில், ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுத்தேன். அடுத்த மாதமே நீ மாறுதலில் போய்விட்டாய். நன்றி என்று ஒரு வார்த்தை யாருக்கும் வரவில்லை.

எப்போது வருகிறாய்?

கிளைட்டன்

குலசேகரன்பட்டினம்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா கிருபையால் சுகம். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

ஒரு நல்ல செய்தி. இங்கேயும் பெரிய வகுப்புப் பெண்கள் முதல் மணிக்கு வராமலே இருந்தார்கள். உங்கள் முறையைத்தான் எடுத்தேன். சுவரில் தாள் ஒட்டவில்லை, மரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டேன்.

"ஏளா, ஏன் லேட்டு?"

"வீட்ல பாத்ரூம் போய்ட்டு வாரோம் டீச்சர்."

"ஏன், இங்கன இல்லையா?"

"பூட்டிக் கெடக்கே."

ஏன் பூட்டு என்று விசாரித்தால், சாவி ஆபீஸ் அலமாரியில். ஏன் அங்கே? கிளார்க் முத்துமாரி வந்துதான் திறக்க வேண்டும்; அவள் பஸ் வருவதே இரண்டாம் மணிக்குத்தான். ஏன் அவளிடம் மட்டும்? எப்போதோ போட்ட ஏற்பாடு, யாரும் மாற்றவில்லை. இன்னொரு சாவி செய்து பெண்களிடமே கொடுத்துவிட்டோம். இப்போது, "இனிமே நீங்கதான் லேட்டு டீச்சர்" என்று என்னைக் கேலி செய்கிறார்கள். முத்துமாரியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காரணம் ஓர் ஆளில் போய் முடியக்கூடாது, ஏற்பாட்டில் முடிய வேண்டும் என்று வகுப்பில் நீங்கள்தான் சொல்லிக்கொடுப்பீர்கள். என் பழைய பள்ளியில், பெற்றோர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஒட்டிய தாளில் ஐந்தாவது ஏனுக்குக் கீழே 'தலைமையாசிரியை விஜிலாவின் கண்டிப்பின்மை' என்று இருந்தது. நீங்களே சத்தமாக வாசித்தீர்கள்.

அது போகட்டும். இந்த முறை யாருடையது என்று இங்கே ஆசிரியர்கள் கேட்டார்கள். எங்க வீட்டுக்காரர் சொன்னது என்றேன். ஒருநாள் வந்து அவர்களுக்கு நீங்களே விளக்குங்கள்.

விஜிலா

மில்லர்புரம்
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள விஜிலா,

வருவதில் ஆட்சேபம் இல்லை. முறையான அழைப்பு வேண்டும். பேனரில் என் பெயர் பட்டத்தோடு இருக்க வேண்டும். ஜோன்ஸிடம் பட்டது போதும்.

அந்தத் தாளில் தவறான வரி ஒன்றைக் காட்டு. திருத்திக்கொள்கிறேன்.

கிளைட்டன்

குலசேகரன்பட்டினம்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே பேனர் கிடையாது. மரத்தடிதான்.

தவறான வரி எதுவும் இல்லை. சோறு ஏன் குழைந்தது, பால் ஏன் பொங்கியது, என் தங்கை எமில்டா ஏன் அடிக்கடி போன் பண்ணுகிறாள், எல்லாவற்றுக்கும் ஐந்து ஏன் கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் நான்தான் கடைசியில் நின்றேன்.

மாறுதல் தானாக வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானே எழுதிக் கேட்டது. ஏன் போனாய் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், அத்தான். ஐந்து வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தால், வீட்டுக்கு வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

விஜிலா

மில்லர்புரம்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள விஜிலா,

வியாழக்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் குலசை வந்தேன். உனக்குச் சொல்லவில்லை.

உன் பள்ளிக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றேன். கையில் பையைப் பார்த்துவிட்டு, "சாருக்கு எந்த ஊரு? ஸ்கூல் ஆடிட்டா?" என்று கேட்ட கடைக்காரர், "ஏலே சுடல, ஆபீசருக்கு ஒரு சேர் எடுத்துப் போடு" என்று உள்ளே சத்தம் கொடுத்தார். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றேன்.

முதல் மணி அடிக்குமுன்பே பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போனாள். பின்னால் வந்த உன்னிடம் ஏதோ சொன்னாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து எனக்கு நினைவில்லை. குறை கண்டுபிடிக்க வெகுநேரம் பார்த்தேன். மதில்சுவரில் காரை உதிர்ந்திருக்கிறது. வேறு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

ஏன் போனாய் என்று ஒரு முறை கேட்கச் சொன்னாய். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்க மாட்டேன், விஜிலா. கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

தசராக் கூட்டம் தொடங்கப்போகிறது. கொஞ்ச நாளைக்குச் சாயங்கால பஸ்ஸில் ஏறாதே.

மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன்.

கிளைட்டன்