உங்கள் மேசையில் அவருக்கு இடமில்லை, அக்கா

கோபப்படவே தெரியாத என் வாசுகி அக்காவுக்கு,

உங்களுக்காக நான் பழி வாங்கிவிட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் இருந்திருந்தால், "விடும் பிள்ளை, அந்தாள் கிடக்கட்டும்" என்று என் கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். இழுக்க நீங்கள் இல்லை. அதனால் நடந்ததைக் கேளுங்கள்.

சீனாவில் செங்டு நகரத்துக்கு என் கணவருக்கு வேலை மாற்றலானபோது எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. அவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அத்தனை பெரிய ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. ஒருநாள் பூங்காவுக்குள் நடந்து போனேன். மரங்களுக்கடியில் வரிசை வரிசையாக மூங்கில் நாற்காலிகள். மூடி போட்ட கிண்ணங்களில் மல்லிகைத் தேநீர். சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே ஊர்க்கதை பேசும் கூட்டம். ஓரமாக நின்று அம்மாவோடு போனில் பேசி அழுதுகொண்டிருந்தேன். அந்தத் தமிழ் உங்கள் காதில் விழுந்துவிட்டது.

"பிள்ளை, இஞ்சை வந்து இரும்."

"நீங்க யாருங்க? தமிழா?"

"அதெல்லாம் ஆறுதலாக் கேக்கலாம். முதல்லை தேத்தண்ணியைக் குடியும்."

உங்கள் பக்கத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற லியூ அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டாயா?" என்பது. எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்கள் தினமும் நேரே அங்கே வருவீர்கள். கிண்ணம் காலியானால் கெண்டியோடு ஆள் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார். எழுந்து போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். லியூ அம்மா பேசியதில் பாதியைத்தான் நீங்கள் மொழிபெயர்த்தீர்கள், மீதி உங்கள் சொந்தச் சரக்கு என்று எனக்குச் சீனம் கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த சிநேகிதம் அத்தனையும் அந்த மேசையில் கிடைத்தது.

பிறகு நீங்கள் உங்கள் ஊரான சிட்னிக்குத் திரும்பினீர்கள். சில வருடம் கழித்து நாங்களும் அதே சிட்னியில் செவன் ஹில்ஸுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் மெரிலேண்ட்ஸ் தமிழ்ச் சங்க மண்டபத்தில் சனிக்கிழமைக் காலைகளில் அதே மேசையைப் போட்டிருந்தீர்கள். உங்கள் பக்கத்து வீட்டு மெய்லின் தன் தோழிகளோடு வருவாள். நம் பெண்கள் வடையும் முறுக்கும் கொண்டுவருவார்கள். குசினி என்று நீங்கள் சொல்லும் சமையலறையின் சாவி சங்கத் தலைவரின் மனைவி கமலா அன்ரியிடம்தான் இருந்தது. அவர் அப்படிச் சத்தமாகச் சிரிப்பார் என்று அதற்கு முன் யாருக்காவது தெரியுமா?

அந்தச் சிரிப்புதான் தலைவருக்கு ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை வாசலிலேயே மறித்தார்.

"இது தமிழ் ஆக்களின்ரை மண்டபம், வாசுகி. சீனத்தியளுக்கெல்லாம் குசினி திறந்துவிட ஏலாது."

மெய்லின் கையில் கேக்கோடு நின்றாள். நீங்கள் அவளைத் தோளில் அணைத்துக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனீர்கள். மேசை உங்கள் வீட்டில் தொடர்ந்தது. அது அவருக்கு இன்னும் பொறுக்கவில்லை. நீங்கள் செங்டுவில் ஒரு சீனனோடு குடும்பம் நடத்தினீர்களாம், பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்களாம். கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் இதே பேச்சு. பெண்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வராமல் நின்றுபோனார்கள். கமலா அன்ரியும் நின்றுபோனார்.

"போய்க் கேட்டுட்டு வர்றேன்க்கா" என்று நான் குதித்தேன். "என்னத்தைக் கேக்கப் போறீர்? கேட்டால் அதுவும் ஒரு கதையாப் போகும்" என்றீர்கள்.

பிறகு நீங்கள் நோயில் விழுந்து பரமட்டா பக்கத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "வெளியிலை ஆரும் நிக்கினமோ?" இல்லை அக்கா, மெய்லின் மட்டும்தான். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள். அந்தப் பார்வையை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

நீங்கள் போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தலைவர் உங்கள் பெயரில் அதே மண்டபத்தில் ஒரு நினைவுத் தேநீர் விழா வைத்தார். கவுன்சிலர் வருகிறாராம். எல்லா இனமும் ஒன்றாக இருந்து தேநீர் குடிக்கிற படம் வேண்டுமாம். மெய்லினுக்கும் அழைப்பு. எனக்குப் போன் செய்து, "செங்டுக் கதையை நீர்தான் மேடையிலை வடிவாச் சொல்லவேணும்" என்றார். "சொல்றேன் அங்கிள், கண்டிப்பா வர்றேன்" என்றேன். அவ்வளவு பணிவாக நான் யாரிடமும் பேசியதில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. உங்களைச் சகோதரி என்றார், சங்கத்தின் விளக்கு என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் செங்டுக் கதையைத்தான் சொன்னேன், ஆனால் முழுவதையும். மூங்கில் நாற்காலியில் தொடங்கி, மெய்லினை மறித்த வாசல்வரை. தமிழில் ஒருமுறை, கவுன்சிலருக்காக ஆங்கிலத்தில் ஒருமுறை. உங்களைப் பற்றிப் பரப்பிய பொய்யையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். கடைசியாக, இதைச் செய்தவர் இந்த மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் எழுந்தார். "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. இந்தப் பிள்ளைக்கு ஆரோ பிழையாச் சொல்லியிருக்கினம்" என்றார்.

முன் வரிசையில் கமலா அன்ரி எழுந்து நின்றார்.

"சொன்னனீங்கள். என்ரை குசினியிலை நிண்டுதான் போன் எடுத்து எல்லாருக்கும் சொன்னனீங்கள். நான் அடுப்படியிலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்."

கவுன்சிலர் கைப்பையை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஊற்றி வைத்த தேநீரை யாரும் தொடவில்லை. அந்த மனிதர் மேடையில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் தனியாக நின்றதை நான் கடைசிவரை இருந்து பார்த்தேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் வராத கதவைப் பார்த்தேனே, அதே கண்ணால்.

அவர் இப்போது தலைவர் இல்லை. மேசை பரமட்டா ஆற்றங்கரைப் புல்வெளிக்கு வந்துவிட்டது. நின்றுபோன பெண்கள் திரும்பி வருகிறார்கள். உங்கள் பேச்சை எடுத்தால் குனிந்துகொள்கிறார்கள். குனியட்டும். கமலா அன்ரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த மனிதர்தான் அன்ரியைக் கொண்டுவந்து விடுகிறார். முடியும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

போன சனிக்கிழமை காரை விட்டு இறங்கி வந்தார். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மெலிந்துபோயிருக்கிறார். அவர் யாரென்று மெய்லினுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் உங்கள் ஜாதி, அக்கா. அவர் கையை நீட்டினார். நான் அந்தக் கிண்ணத்தை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். நாக்கு வெந்துபோனது. வைக்காமல் குடித்து முடித்தேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காருக்குப் போனார். கமலா அன்ரி நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு இன்னும் கொஞ்சம் விடும்" என்று தன் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

நான் செய்தது சரியா அக்கா? நீங்களாக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பீர்கள். தெரியும். ஆனால் மன்னிக்கிற உரிமை உங்களுக்குத்தான் இருந்தது, அது உங்களோடு போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த வாக்கு ஒன்றுதான்: உங்கள் மேசையில் யார் வந்தாலும் இடம் கொடுப்பேன், எந்த ஊர், எந்த மொழி என்று கேட்கமாட்டேன். அவர் மட்டும், நான் இருக்கும்வரை, நின்றுகொண்டே திரும்பிப் போவார்.

உங்களோடு பிறக்காமலே உங்களுக்குத் தங்கையாகிப்போன,
கல்யாணி