தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

1943 மே 10, திங்கள்
எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையில் தோட்டத்து ஆட்களை எண்ணும் பெரட்டில் ஜப்பான் ராஜா இருக்கிற திசையைப் பார்த்து எல்லாரும் குனிந்தோம். என் சாக்குக் கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. தோட்டமே சிரித்தது. ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் நான், என்னைப் பார்த்தா சிரிப்பு?

"என்னைப் பார்த்துச் சிரிக்கிறீங்களே, அர்ச்சுனனைப் பாருங்க லா! அவன் கால்சட்டை கிழியவே கிழியாது. குனிஞ்சாத்தானே!"

எல்லார் கண்ணும் ரப்பர்ப் பால் ஸ்டோர் தூண் பக்கம் போனது. ஜப்பான்காரன் கண்ணும் கூடவே போனது.

மே 11
அர்ச்சுனனுக்கு அடி. கன்னத்தில், முதுகில், துப்பாக்கிக் கட்டையால்.

அர்ச்சுனன் சிநேகிதர் சபைக்காரன், கிறிஸ்தவத்தில் அது ஒரு பிரிவு. தோட்டத்தில் அவர்கள் நாலே குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பாட்டில்லை, மேளமில்லை, சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஊமைச்சபை என்று பேர் வைத்தவனே நான்தான். வெள்ளைக்காரத் தொரைக்குக்கூட அவன் தலைப்பாவை அவிழ்த்ததில்லை. அதற்கும் அடி வாங்கியிருக்கிறான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அந்தத் தூணுக்குப் பின்னால் அவனுக்கென்று இடம் விட்டு வைத்திருந்தோம். ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

நான் திறந்தேன்.

மே 12
எங்களை வேலை வாங்கும் மண்டோர் மூர்த்தி அர்ச்சுனனிடம் கெஞ்சிப் பார்த்தான். "ஒரே ஒரு தடவை குனிஞ்சிருடா. இல்லாட்டி சயாமுக்கு ரயில் போட அனுப்பிருவான். போனவன் எவன்டா திரும்பி வந்தான்?"

"சாமிக்கு மட்டுந்தாண்ணே."

"பொய்க்காவது குனியேண்டா!"

"பொய்யும் சொல்றதில்லைண்ணே."

மே 13
மரவள்ளிக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மே 15
லாரி வந்தது. அர்ச்சுனனை ஏத்திட்டான். நான் காட்டுக்குப் போற மாதிரி ரப்பர் மரத்துக்குப் பின்னாடி நின்னேன். அவன் என்னைத் தேடினானா, இல்ல சும்மா பார்த்தானா? ஓடிப் போயி மன்னிச்சுக்கோடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? தினம் முழ நீளம் பேசுற வாய்!

மே 16, ஞாயிறு
அவன் வீட்டுக்குப் போனேன். சபை உட்கார்ந்திருந்தது. யாரும் திட்டவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள். அந்தச் சத்தமில்லாத நேரம், ஐயோ, அடியே தேவலாம்.

எழுந்தபோது அர்ச்சுனன் பெண்சாதி செல்வராணி வந்தது. "கால்சட்டையைக் குடுத்தனுப்புங்கண்ணே, ஒட்டுப் போட்டுத் தாரேன். அவுக சொல்லிட்டுத்தான் போனாக. வீரமுத்தண்ணன் பின்னால காத்தடிக்கும், பாவம்னு."

கிண்டல்! எனக்கே!

சிரிக்க முடியலை. சாயங்காலமே கால்சட்டையைக் குடுத்தனுப்பினேன்.

மே 17, திங்கள்
இன்றைக்குக் குனிவதில்லை என்று முடிவு பண்ணி, தூணுக்குப் பின்னால் அவன் இடத்தில் போய் நின்றேன். அங்கே நிற்பவன் யார் கண்ணுக்கும் படமாட்டான். ஜப்பான்காரன் முகம் வேறு பக்கம் இருந்தது.

குனியச் சொல்லி மணி அடித்தது. குனிந்தேன்.

செல்வராணி போட்ட ஒட்டு அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்தில் கிழிந்தது.