எடுத்து வைத்த பெயர்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

பெரியம்மா உன் மகளை நாக்கைக் கொட்டித்தான் கூப்பிடுகிறாள். கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது போல 'ட்ட, ட்ட' என்று ஒரு சத்தம். தொட்டிலுக்குள் குனிந்து அப்படிச் செய்வாள், பிள்ளையும் கண்ணைத் திருப்பும். நீ போன பிறகு அந்த வீட்டில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

பிள்ளைக்கு உன் பெயரையே வைத்துவிட்டார்கள் அக்கா. சீனியம்மாள். பெற்றவள்தான் இல்லை, பெயராவது இருக்கட்டும் என்று உன் நாத்தனார் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிட அங்கே யார் இருக்கிறார்கள்? அது முதலில் பெரியப்பாவைப் பெற்றவளின் பெயர். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று பெரியம்மா தான் பெற்ற உன்னையே ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ பிள்ளே', 'மூத்தவளே', அவ்வளவுதான். சீனி வாங்கக் கடைக்குப் போனால்கூட, "காப்பிக்குப் போடுவாகளே, வெள்ளையா, அது குடுங்க" என்பாள். கடைக்காரர் விடமாட்டார். "ஏன்த்தா, மாமியாரைக் கால் வீசை நிறுக்கவா, அரை வீசை நிறுக்கவா?" என்பார். நீ என் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாய்.

கல்யாணமாகி ஏழாயிரம்பண்ணைக்குப் போன பிறகும் அத்தான் உன்னை "இங்கன வா" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு நீ அக்கா. உன் பெயரை முழுசாகக் கூப்பிட்டவர் நாம் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருவர்தான், சம்பள நாளில். அவர் "சீனியம்மா" என்றதும் நீ உடனே போகமாட்டாய். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நிற்பாய். அப்போது எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

அதனால்தானா அக்கா, உனக்குப் பெயர்கள் மேல் அத்தனை ஆசை?

பள்ளிக்கூடத்தை விட்டு நான் ஆபீஸுக்கு வந்த புதிதில் யாரிடமும் பேசாமல் குனிந்தே இருந்தேன். மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே நீ என் பக்கம் சாய்ந்து, "நான் இப்ப குதிரைல வாரேன். நீ யாரு?" என்று கேட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தீப்பெட்டி மேல் ஒட்டும் லேபிளில் குதிரை மேல் ஒருத்தி வாளோடு இருப்பாளே, அவள்தான் நீயாம்.

"நான் ராணி" என்றேன்.

"ராணியாம் ராணி. நம்ம தெருவுலயே எம்புட்டு ராணி இருக்காளுக. கூப்பிட்டா எல்லாவளும்ல திரும்புவாளுக. வேற சொல்லு."

இருப்பவர், இறந்தவர் யாருடைய பெயராகவும் இருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் வாய்விட்டுக் கூப்பிடும்படி இருக்க வேண்டும். உன் விதி அதுதான். ஒரு பெயர் தோன்றினால், தெருக்கோடியில் நிற்பவரைக் கூப்பிடுவது போலக் கழுத்தை நீட்டி, உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாய். அப்படித்தான் நான் ஆறுதாவி ஆனேன். உன் குதிரை கருஞ்சிட்டன் ஆனது. நிலாவைத் தின்ன வரும் பூதம் வெள்ளிமுழுங்கி. பூதத்துக்கு எதற்கு இத்தனை நல்ல பெயர் என்று கேட்டேன். "பேரு கேட்டதும் ஆளு எந்திரிச்சு வரணும் பிள்ளே. இல்லாட்டி யாரோட சண்டை போடுவே?" என்றாய். வீட்டில் வாய் திறக்காத நான் ஆறுதாவியாக இருக்கும்போது பூதத்தை அதட்டினேன். மேஸ்திரி பக்கத்தில் வந்தால் குச்சியோடு குச்சியாகிவிடுவோம்.

சண்டையில் யார் பிழைப்பது என்பதற்கு ஒரு பிடி குச்சியை அள்ளி, ஒற்றையா இரட்டையா என்று எண்ணுவோம். ஒற்றை வந்தால் பிழைத்தோம். இரட்டை வந்தால் ஆள் போய்விடும். அந்தப் பெயரும் அதோடு சரி, அதை வேறு யாருக்கும் வைக்கக் கூடாது. ஆனால் ஆறுதாவிக்கு இரட்டை வரும்போதெல்லாம் உன் மடியில் எப்படியோ ஒரு குச்சி விழுந்துவிடும். "கை நழுவிருச்சு. ஒத்தைதான்" என்பாய்.

உனக்கு வலி கண்ட அன்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாராவது ஒரு குச்சியைக் கீழே போட்டிருக்கக் கூடாதா அக்கா?

ஒரு நாள் வேலை மும்முரத்தில் தூறல் விழுந்தது நினைவிருக்கிறதா? மருந்து முக்கிக் காயவைத்த குச்சியெல்லாம் நமத்துப் போகும் என்று மேஸ்திரி வானத்தைத் திட்டினார். இனி வேலை இல்லை, போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கரிசல் மண் வாசத்தில் நீ முகத்தை மேலே தூக்கிக்கொண்டே நடந்தாய். "தூறலி" என்றாய். கழுத்தை நீட்டி இன்னொரு தடவை சொன்னாய். லேபிளில் ஊஞ்சலாடும் பெண்ணுக்கு அதை வைக்கலாம் என்றேன்.

"ம்ஹூம். இத எடுத்து வைப்போம். சாகுற ஆட்டத்துல இத விடக் கூடாது."

பிரசவத்துக்கு வந்திருந்தபோது என் கையை எடுத்து உன் வயிற்றில் வைத்தாய். "பொம்பளைப் பிள்ளைன்னா அந்தப் பேருதான். அங்கன நான் வாயத் திறக்க முடியாது. நீதான் சொல்லணும்."

"நானா? எனக்கு வாயே வராதேக்கா."

"உனக்கு வராது. ஆறுதாவி சொல்லட்டும்."

தொட்டில் போட்ட அன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அத்தைக்காரி பிள்ளையின் காதில் பெயரைச் சொன்ன பிறகு, வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லி நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைப்பது நம் வழக்கம்தானே. என் முறைக்காகச் சுவர் ஓரமாக நின்றேன். ஆனால் உன் நாத்தனார் "சீனியம்மா" என்று சொல்லி முடித்ததும் பெரியம்மா அப்படியே சரிந்துவிட்டாள். அவளைத் தூக்கி உட்காரவைக்க எல்லாரும் ஓடினார்கள். அப்புறம் யாரும் பெயர் சொல்லவில்லை. சீனித்தண்ணிக் கிண்ணத்தில் எறும்பு மொய்த்தது.

வரும் வெள்ளிக்கிழமை நாத்தனார் பிள்ளையை ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே மட்டும் யாருக்கு அந்தப் பெயர் வாயில் வரும்? அத்தான் சொல்ல வாயெடுத்து, பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுகிறார். உன் மகளும் ஒரு நாள் கணக்குப்பிள்ளை கூப்பிடட்டும் என்று நிற்க வேண்டுமா?

இன்று மத்தியானம் தூறியது. ஆபீஸில் அனுப்பிவிட்டார்கள். வரும்போது தாவணி முந்தியில் ஒரு பிடி குச்சி முடிந்து வந்தேன். பெரியம்மா வீட்டு வாசலில் நின்று எண்ணினேன். இரட்டை.

ஒரு குச்சியைக் கீழே போட்டேன்.

பிறகு கழுத்தை நீட்டி, தெருக்கோடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டேன். "தூறலி."

எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினாள். என் குரல் அத்தனை பெரிசு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"யாரைக் கூப்பிடுதே?"

"பிள்ளையத்தான் பெரியம்மா. அக்கா வச்ச பேரு."

"யாரு பேரு அது? உங்க பெரியப்பா வழியில அப்படி யாரும் இல்லையே."

"யாரு பேரும் இல்ல பெரியம்மா. இவளுக்கு மட்டுந்தான்."

பெரியம்மா தொட்டிலுக்குள் குனிந்தாள். முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப... நான் சொல்லலாம்ல?"

"சொல்லுங்க பெரியம்மா."

சொன்னாள். முதலில் வெறும் காற்றாகத்தான் வந்தது. மறுபடி சொன்னபோது பெயராக வந்தது. பிள்ளை கண்ணைத் திருப்பியது. நாக்கைக் கொட்டியபோது திருப்பியது போலத்தான், ஆனால் பெரியம்மா அதைப் பெயருக்கென்றே எடுத்துக்கொண்டாள். அவள் உன்னையும் சேர்த்துக் கூப்பிட்டது போல எனக்கு இருந்தது. நீ இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றிருப்பாய்.

நாத்தனார் என்ன சொல்வாளோ தெரியாது. உன் பெயரை எடுக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், அது அவளிடம் இருக்கட்டும். கூப்பிட இது இருக்கும். வெள்ளிக்கிழமை பஸ் நகரும்போதும் கூப்பிடுவேன். ஏழாயிரம்பண்ணைத் தெருவில் போய் நின்றும் கூப்பிடுவேன். இது ஆறுதாவி உனக்குத் தரும் வாக்கு.

வாசலில் கிடந்த அந்த ஒரு குச்சியை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
தூறலியின் சித்தி