காணிக்காகச் சொன்ன பொய்

வட்டகொடை,
1964 ஐப்பசி

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் உங்கள் அண்ணன் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டதில் எனக்குக் கோபம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள காணியை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். பிரஜாவுரிமை எனக்குக் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் என் பேரில் எழுதலாம் என்று சொன்னதும் நீங்கள்தான். ஆனால் ஹட்டனில் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயா, "கல்யாணம் முடிச்சாச்சோ?" என்று கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பிரஜாவுரிமை இல்லாத புருஷன் இருப்பது தெரிந்தால் காணி கைநழுவிப் போய்விடுமோ என்று நினைத்து, "இல்லீங்க" என்றேன்.

"அப்ப வாசல்ல நிக்கிறவர் ஆர்?"

"எங்க லயத்து ஆளுங்க. தொணைக்கு வந்தாரு."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க ஐயா" என்றீர்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நேற்று நான் தனியாகப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "புருஷன் இருந்தால் என்ன பிள்ளை? பிரஜாவுரிமை உமக்கு இருக்குத்தானே. உம்மட பேரில எழுத ஒரு தடையும் இல்லை."

தேவையே இல்லாத ஒரு பொய்க்காக உங்களை யாரோ ஒருவராக ஆக்கிவிட்டேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

காணி உறுதிப் பத்திரத்தில் சேர்ப்பதற்குப் புருஷன் பெயரைக் கேட்டார். கட்டிய நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உங்கள் மனைவி