பூஞ்சை பிடித்த லென்ஸில் உன் முகம்

இன்று காலை அந்த லென்ஸ் பெட்டியைத் திறந்தேன். ஈரத்துணியும் பழைய எண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஈப்போவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் செய்தி அனுப்பியிருந்தார்: "அண்ணா, அந்த வயல் படம் எடுத்த லென்ஸ விப்பீங்களா? அந்த லுக் வேற எதுலயும் வர மாட்டேங்குது." விற்பதற்கில்லை என்று மட்டும் எழுதினேன். காரணத்தை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உன்னிடம் சொல்வதற்கும் கூச்சம்தான். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் நீதான்.

பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றை இடிப்பதற்கு முன் சாமான்களை ஏற்ற உன் லோரியைக் கூப்பிட்டிருந்தார்கள். குப்பையோடு போக வேண்டிய இந்த லென்ஸை எடுத்து வைத்திருந்தாய். என் வீட்டு வாசலில் இஞ்சினை அணைக்காமலே ஜன்னல் வழியாக நீட்டினாய்.

"டேய், இது உன் காமிரா சாமான்தான? உள்ளுக்குள்ள என்னமோ வேர் விட்ட மாதிரி இருக்கு. ஆவும்னா வச்சிக்க, இல்லன்னா வீசிடு லா."

வேர் விட்டதுபோலத்தான் இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, துணி எட்டாத இடத்தில், பூஞ்சை வெள்ளை நூலாகக் கிளை பிரிந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்கிறவரிடம் காட்டினேன். மேல்பூச்சையே தின்றுவிட்டது, இனித் தெளியாது என்றார். எனக்கு அதுவே பிடித்துப்போனது. வெளிச்சம் எதிரே இருந்தால் போதும், படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளுக்கும். மரமும் மனிதனும் ஓரங்களில் கரைந்து ஒன்றாவார்கள். வாரம் முழுக்க ராவாங்கில் அலுவலக வேலை, வார இறுதியில் அடுத்தவர் கல்யாணங்கள் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு, என் கையெழுத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

நீ படத்துக்கு நிற்கவே மாட்டாய். தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கைப்பேசி வந்த பிறகும் படம் எடுக்கிற ஆள் நீ, படத்தில் இருக்கிறவர்கள் மற்றவர்கள். அப்படிப்பட்ட நீயே அந்த வருஷத் தீபாவளிக்கு மறுநாள் கேட்டாய். சவரம் செய்து, புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்றாய்.

"அம்மா ரொம்ப நாளா கேக்குறாங்கடா, வீட்டுல மாட்டணுமாம். கல்யாண ஆல்பம் வெள்ளத்துல ஒட்டிப்போச்சி. ஒண்ணே ஒண்ணு, நல்லா எடுத்துக் குடு."

சுங்கை புரோங்கில் அறுப்புக்குக் காத்திருந்த வயலுக்கு உன்னை அழைத்துப்போனேன். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. என் பையில் தெளிவான லென்ஸ் ஒன்றும் இருந்தது. அதை மாட்ட எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் மாட்டவில்லை. உன்னை வரப்பில் நிறுத்தி, கொஞ்சம் இடது, கொஞ்சம் பின்னால் என்று வேலை வாங்கினேன். வெயிலில் கண்ணைச் சுருக்காமல் நின்றாய். அம்மாவுக்காகச் சிரித்தும் வைத்தாய்.

படத்தைப் பார்த்ததும் நீ கேட்டாய்: "மூஞ்சி எங்கடா?"

"உனக்கு ரசிக்கத் தெரியலடா. இதான் இப்ப ஸ்டைலு."

"சரி லா. நீ சொன்னா சரிதான். ஆனா அம்மாவுக்கு இது புரியாதே."

இன்னொரு நாள் அவருக்கென்று தனியாக எடுத்துத் தருகிறேன் என்றேன்.

அந்தப் படம் எனக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. புஞ்சாக் ஆலாமில் ஒரு காப்பிக்கடைச் சுவரில் பெரிதாக்கி மாட்டினார்கள். திறப்பு நாளுக்கு எல்லாரையும் அழைத்தேன், உன்னைத் தவிர. வேலை நாள், நீ வரமாட்டாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். யாரோ சொல்லி நீயே தேடி வந்துவிட்டாய். அப்போது ஒரு அம்மையார் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், "யாருங்க இவரு?" என்று.

"யாரா இருந்தா என்னங்க, அந்த வெளிச்சம்தான் விஷயம்" என்றேன்.

திரும்பினால் நீ நின்றிருந்தாய், வேலைச் சட்டையோடு. கேட்டிருந்தாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. "பெருசா போட்டுட்டாங்க போல" என்று சிரித்தாய். ஒரு கறிபாப் எடுத்துத் தின்றாய். லோரி வழியை மறித்து நிற்கிறது என்று சொல்லிக் கிளம்பினாய். அந்த அம்மையாரிடம், இவர்தான் அவர், என் நண்பன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. உன் சட்டையில் இருந்த கிரீஸ் கறை என் வாயை அடைத்துவிட்டது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதற்குப் பிறகு நாம் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். உட்கார்ந்தவன் எழவில்லை.

உன் மனைவிதான் போனில் கூப்பிட்டது. "அண்ணே, அவரு படம் ஒண்ணு வேணும். விளக்குக்கிட்ட வைக்க. உங்ககிட்டதான் இருக்கும்னு அம்மா சொல்றாங்க."

இருந்தது. அன்று எடுத்தவை அத்தனையும் கணினியில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். வெளுப்பைக் குறைத்தேன், கருமையைக் கூட்டினேன். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள் வந்தன, வாய் ஒரு கோடாக வந்தது. அது யாரோ. லென்ஸுக்குள் நுழையும்போதே சிதறிப்போன முகத்தை எந்தக் கருவியாலும் திரும்பக் கூட்ட முடியாது. அது தெரிந்தும் மதியம்வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கூப்பிட்டு, இல்லை என்றேன். "பரவால்லண்ணே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது.

உன் அடையாள அட்டைப் படத்தைக் கோல சிலாங்கூர் கடையில் பெரிதாக்கி வாங்கிவந்தார்கள். பூமாலைக்குள் நீ திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புள்ள இப்படியா இருப்பான்?" என்று யாரையும் பார்க்காமல் ஒருமுறை கேட்டார். நான் செருப்பைத் தேடுவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

உன் வீட்டு வாசலை மிதிக்கப் பல மாதம் ஆனது எனக்கு. போன மாதம்தான் போனேன். தெளிவான லென்ஸைக் காமிராவில் மாட்டி எடுத்துப்போனேன். உன் மகளையும் மனைவியையும் எடுத்தேன். உன் அம்மாவை வாசல் நாற்காலியில், நிழலில் உட்காரவைத்து எடுத்துத் திரையைக் காட்டினேன். நரைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. மூக்குத்திக் கல் தெரிந்தது. கண்ணுக்குள் நான் குனிந்து நிற்பதுகூடத் தெரிந்தது.

அவர் திரையை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படியும் எடுக்கத் தெரியுமாய்யா உனக்கு?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்ட கேள்வி அது. அன்றிலிருந்து எங்கே போனாலும் அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

"தெரியும்மா" என்றேன்.