கண் பழகுவதற்குள்

கொட்டாஞ்சேனை,
1938 பெப்ரவரி 14.

என் அன்புள்ள அத்தானுக்கு மாக்ரெட் எழுதுவது. நானும் பிள்ளை றீற்றாவும் உடம்பால் சுகம். என் மனம்தான் நிலைகொள்ளாமல் கிடக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

லண்டனில் இருந்து நீங்கள் வரைந்து அனுப்பிய படம் மார்கழி கடைசியில் வந்து சேர்ந்தது. பின்பக்கம் "என் மனைவி" என்று எழுதியிருக்காவிட்டால் அது நான்தான் என்று எனக்கே தெரிந்திராது. முகம் நீலம், கழுத்து ஒரு முழம், ஒரு கண் மேலே, மற்றது கீழே. பக்கத்து வீட்டு இராமலெட்சுமி அக்கா பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் வீட்டுக்காரரு உன்மேல கோவமா இருக்காரா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். பிறகு அறைக்குள் போய் அழுதேன்.

நீங்கள் முன்பு வேலை செய்த போட்டோ ஸ்டூடியோ முதலாளி நமசிவாயமும் வந்தார். எது அழகென்று மனுசருக்குப் பிறக்கும்போதே தெரியுமாம். "சீனி இனிக்குமெண்டு குழந்தைக்கு ஆர் படிப்பிச்சது? ஸ்ரனிஸ்லாஸுக்கு லண்டன் பனியிலை கண் கெட்டுப்போச்சு" என்று பொரிந்து தள்ளினார். போன கிழமை யாரோ ஒரு துரை, இப்படியான படங்களுக்குத்தான் இப்போது சீமையில் மதிப்பு என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். அடுத்த நாளே ஓடி வந்து, அதைத் தன் கண்ணாடி அலுமாரியில் வைக்கத் தரச் சொன்னார். சீனிக் கதையை மறந்தே போனார். நான் படத்தைக் கொடுக்கவில்லை.

ரசனை பிறப்பில் வருவதில்லை, கண்ணைப் பழக்கவேண்டும், ஒரு மாதம் சுவரில் மாட்டிப் பார் என்று எழுதியிருந்தீர்கள். சொன்னபடியே மாட்டினேன். முதல் கிழமை அந்தப் பக்கமே திரும்பவில்லை. றீற்றா அதைக் கண்டால் வீரிட்டு அழுவாள்; பிஸ்கற் ரின் மூடியில் வரைந்திருக்கும் வெள்ளைக்காரியைத்தான் அம்மா என்று கொஞ்சுவாள். இப்போது படுக்கப் போகுமுன் அந்த நீல முகத்துக்குக் கைகாட்டுகிறாள். நான் மட்டும் என்ன? அன்றைக்குத் தூசி தட்டியபோது துணியைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அன்றிலிருந்துதான் பயம்.

புதுக்கடைக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவருக்கு என்னைக் கலியாணம் பேசியபோது, அவருக்குக் காட்ட எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டியவர் நீங்கள்தானே. என்னை வெள்ளையாக்கிக் கன்னத்தில் றோசா நிறமும் பூசினீர்கள். அவர் நேரில் வந்து, படத்தில் இருந்த பெண் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். மறுகிழமை நீங்கள் அப்பாவிடம் வந்து, "படம்தான் பிழை, ஆள் சரி" என்று சொல்லிப் பெண் கேட்டீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன்.

இப்போது, கொழும்பில் இருந்தபோது அழகென்று நினைத்ததெல்லாம் கூச்சமாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். ஓவியப் படிப்பு சித்திரையில் முடிந்தாலும் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நிற்க யோசிப்பதாகவும் அதே கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கொழும்பு அழகில் நானும் சேர்த்தியா அத்தான்? ஒரே மாதத்தில் என் கண் இப்படி மாறியதென்றால், சீமையில் இருந்த இரண்டு வருடத்தில் உங்கள் கண் எவ்வளவு மாறியிருக்கும்?

இன்னொரு படம் அனுப்பவேண்டாம். சித்திரைக் கப்பலில் ஏறி வாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வருவேன். முகத்துக்குப் பவுடர்கூடப் போடமாட்டேன். பார்த்தவுடன் பிடிக்காவிட்டால், பிடிக்கவில்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தப் படத்துக்கு நான் கொடுத்த ஒரு மாதத்தை எனக்கும் கொடுங்கள்.

மாதா உங்களைச் சுகமாகக் கரைசேர்க்கட்டும்.

உங்கள்
மாக்ரெட்