ஜெனரலிடம் அக்கா கேட்டது

ஸ்கீவ, டென்மார்க், 1986 மார்ச், செவ்வாய் இரவு

நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு இன்று ஓர் அமெரிக்கர் வந்தார். ஓய்வுபெற்ற இராணுவ ஜெனரல். அங்கே இருக்கும் கிறிஸ்டினேயின் தம்பி. நாலு வயதில் சித்தப்பாவோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவருக்கு டேனிஷ் மறந்துவிட்டது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் பொறுப்பாளர் என்னை நடுவில் இருத்தினார்.

அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார். பதினெட்டு வயதில் சிப்பாய், பிறகு ஐரோப்பிய யுத்தம், கொரியா, கடைசியில் தோளில் நட்சத்திரங்கள். என் டேனிஷ் எங்கும் தடக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா, "நீ ஆக்களைக் கொன்றனியோ?" என்றாள்.

"அதை விடும். வேறை ஏதும் சொல்லும்" என்று பொறுப்பாளர் என் காதுக்குள் சொன்னார்.

நான் விடவில்லை. கேட்டபடியே சொன்னேன்.

ஜெனரல் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம். என்ரை கட்டளையாலை எத்தினை பேர் செத்ததெண்டு தெரியாது, அக்கா. இதை என்னட்டை ஒருத்தரும் கேட்டதில்லை."

கிறிஸ்டினே அவர் கையைப் பிடித்தாள். "அப்ப இனிக் கதை."

பின்னேரம்வரை கதைத்தார்கள்.

பொறுப்பாளர் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று என் கணவர் யோசிக்கிறார். போகாது. போனாலும் நான் செய்தது சரி. நாளைக்கும் நான்தான் வேண்டுமென்று ஜெனரல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஊரில் எங்கள் வீதியால் ட்ரக்கில் போன ஆமிக்காரருக்கும் அக்காமார் இருப்பார்கள். அவர்களும் ஒருநாள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கண் சொருகுகிறது.